சவ்வின் மேல் ஒரு பச்சை வளையம்

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்து மூன்றரை வருஷமாகிறது. மின்னஞ்சல் அனுப்பினால் திறக்காமலே அழித்துவிடுவாய். அதனால்தான் காகிதம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதானால் மூன்றாவது பத்தியைப் படித்துவிட்டுக் கிழி.

நான் பார்க்கும் வேலை உனக்குப் பாதி தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில், கால்சியம் உள்ளே போவதற்கென்று, புரதத்தால் ஆன சிறு வாசல்கள் உண்டு. சேனல் என்போம். கிருமியைக் கண்டதும் வாசல் திறந்து கால்சியம் பாய்ந்தால்தான் அணு சண்டைக்குக் கிளம்பும். அந்த வாசல் இருக்கிறதா, இருந்தால் சவ்வில் எந்த இடத்தில் என்று காட்டுவதுதான் என் பதினோரு வருஷத்து வேலை. அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி அணுக்களின் மேல் விடுவேன். மைக்ரோஸ்கோப்பில் சவ்வு நெடுக ஒரு பச்சை வளையம் தெரியும்.

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் ஒருவர், அந்தப் புரதத்தின் மரபணுவையே வெட்டி எடுத்துவிட்ட அணுக்களைத் தயார் செய்தார். வாசலே இல்லாத அணுக்கள். அவற்றின் மேல் என் ஆன்டிபாடியை விட்டேன். பச்சை வளையம் அப்படியே தெரிந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் தெரிந்தது. அந்த ஆன்டிபாடி இத்தனை காலமாக வேறு எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் பிள்ளை, நம் பொட்டலத்தின் ரத்தத்தில் நான் பார்த்ததும் அதே வளையம்தான்.

உனக்கு நினைவிருக்கும். காய்ச்சல் மேல் காய்ச்சலாக வந்த ஏழாவது மாதத்தில் அவனுடைய மரபணு அறிக்கை வந்தது. இந்த வாசலுக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் கெடுதலா இல்லையா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் இதுல வேலை செய்றீங்களே, புரதம் சவ்வுக்கு வருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் பார்த்தேன். வளையம் இருந்தது. "வந்திருக்கு டாக்டர், இது காரணம் இல்ல" என்று சொன்னேன். அதன் பிறகுதான் எலும்பு மஜ்ஜை மாற்றுகிற பேச்சை அவர் விட்டார். இரண்டு மாதத்தில் அவன் போனான்.

இதை வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்ல நினைத்தேன். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. அவனுடைய அணுக்கள் இரண்டு சிறு குப்பிகளில், உறைந்த நிலையில், எங்கள் ஆய்வக உறைகலத்தில் இருக்கின்றன. சரியான முறையில் பார்த்தால் காரணம் அதுதானா என்று உறுதியாகிவிடும். போன தடவை கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை நீங்கள் இரண்டு பேரும் சரி என்றால் மட்டுமே தொடுவேன்.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

கிழிக்கவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு சமையலறையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். பதில் எழுத இரண்டு வாரமானது, ஏனென்றால் நான்கு தடவை எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

உனக்கு இப்போதாவது ஒன்று ஞாபகம் வருகிறதா பார். அவனுக்கு நாலு மாதம். நீ லீவில் வந்திருந்தாய். நல்ல வெயில், கரண்ட் வேறு இல்லை. எல்லாரும் நனைந்து கிடந்தோம். நான் சொன்னேன், "அக்கா, இவனுக்கு வேர்க்கவே மாட்டேங்குதுக்கா. உடம்பு கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல." நீ சிரித்துக்கொண்டே, "குடுத்து வச்சவன்டி, துணி துவைக்கற வேலை மிச்சம்" என்றாய். கழுத்து நிற்கவில்லை என்றும் சொன்னேன். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு" என்றாய். டாக்டரம்மாவிடம் சொன்னபோது, அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார். அம்மா என்கிறவளின் பேச்சை ஒரு தாளிலும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவன் போய் ஆறு மாதம் கழித்து இவர் எதையோ தேடும்போது உங்கள் கட்டுரை கிடைத்தது. நாலாவது படம். கறுப்புப் பின்னணியில் பச்சை வளையம். கீழே, "நோயாளி 2, ஆண், ஏழு மாதம்." என் பிள்ளைக்கு நீ வைத்த பெயர் அது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துக் கட்டுரையில் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது அந்தப் படமும் பொய் என்கிறாய்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் வாரியத்தில் வரைபடப் பிரிவு. வரைபடத்தில் வால்வு இருக்கும், ஆள் போய்த் தோண்டினால் இருக்காது. அதனால்தான் தோண்டிப் பார்க்காத வால்வை நாங்கள் பென்சிலில் மட்டும் குறிப்போம். உங்கள் ஆய்வகத்தில் பென்சில் இல்லையா?

குப்பிகளைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன்.


மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

நீ வேர்வையைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது. நான் சிரித்ததும் நினைவிருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே பழைய கட்டுரைகளை எடுத்து உட்கார்ந்தேன். இந்த வாசல் இல்லாமல் பிறந்த குழந்தைகள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். வேர்வை வராது. தசை தளர்ந்திருக்கும், கழுத்து நிற்காது. அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் அவை சண்டை போடாது. மூன்றையும் யாரோ வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் முன்பே படித்திருக்கிறேன். ஓரத்தில் என் கையெழுத்தில் குறிப்புகூட இருக்கிறது. நீ சொன்னபோது அந்தப் பக்கம் என் மண்டையில் வரவில்லை. வளையம் இருக்கிறதே என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

பென்சில் இல்லையா என்று கேட்டாய். இருந்தது. எடுத்தால் வேலை தாமதமாகும் என்று எடுக்கவில்லை.

பேராசிரியரிடம் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஒரு ஆன்டிபாடி சரியில்லன்னு பதினோரு வருஷத்தத் தூக்கிக் குப்பையில போடுவியாம்மா? அடுத்த கட்டுரையில ஒரு வரி எழுதிக்கலாம். யாரு கவனிக்கப் போறா?" என்றார். கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. நான், "அந்தப் படத்தப் பாத்துட்டு இன்னொரு டாக்டர் இன்னொரு குழந்தைக்கு இது காரணம் இல்லன்னு சொல்லிட்டா, சார்?" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு நான் எழுதிவிட்டேன். தனியாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

குப்பிகளை நான் தொடவில்லை. நீ கடைசிவரை பதில் சொல்லாவிட்டாலும் தொட மாட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான் எழுதுகிறேன், பொய் சொல்வானேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

எனக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது.

அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வாரியத்தில் மேஜைக்கு அடியில் வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வாழ்த்துச் சொன்னால் அழுதுவிடுவேன் போலிருக்கிறது, அதனால் துப்பட்டாவை அகலமாகப் போட்டுக்கொள்கிறேன். உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு நாலு மாதம். அதைப் படித்த அன்று என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

கடிதங்களை இவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்தார். அவருக்குக் கோபம் வந்தால் வேலையில் இறங்கிவிடுவார், உனக்குத் தெரியுமே. துணி காயப்போடப் போனார். வாளி காலியான பிறகும் அங்கேயே நின்றார். திரும்பி வந்து, "பாக்கச் சொல்லு. இந்தத் தடவை தெரிஞ்சு இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

எனவே ஒரு குப்பி. இரண்டு இல்லை. எங்கள் இருவரின் கையெழுத்தோடு தாள் இணைத்திருக்கிறேன். முடிவு தெரிந்தால் டாக்டரம்மாவுக்கும் எங்களுக்கும் மட்டும். எந்தப் படத்துக்குக் கீழேயும் அவன் வரக் கூடாது.

இந்தக் குழந்தைக்கும் வருமா? வயிற்றிலிருந்தே ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாம் என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். தெரிந்தாலும் பெறத்தான் போகிறேன், பிறகு எதற்கு அதையும் குத்துவது.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். ஏழாவது மாதம் நீ ஊசியோடு இரண்டாவது தடவை வந்தாயே. அவன் கையில் குத்த இடமே இல்லாமல் நீலம் பாய்ந்திருந்தது. "இன்னும் எத்தனை தடவைதான் குத்துவீங்க? பிள்ளையா, ஊசி குத்துற பொம்மையா? போ வெளிய" என்று கத்தினேன். நீ டப்பாவை மூடிக்கொண்டு போனாய். அன்று எடுக்காமல் போன ரத்தம் எதற்கு? அதை எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? நேராகச் சொல். சுற்றி வளைக்காதே.


மார்ச் 25

தங்கைக்கு,

நேராகவே சொல்கிறேன். கால்சியம் உள்ளே பாய்கிறதா என்று அளக்கும் சோதனைக்காக அந்த ரத்தம். அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் நீ கத்தியதால் அது நின்றுபோகவில்லை. முதல் தடவை எடுத்ததிலேயே அணுக்கள் மிச்சம் இருந்தன. அவைதான் இந்த இரண்டு குப்பிகள். மறுநாளே அவற்றை எடுத்து அளந்திருக்கலாம், அரை நாள் வேலை. எடுக்கவில்லை. வளையத்தைப் பார்த்துவிட்டேன், இனி எதற்கு என்று நினைத்தேன். புதிய ரத்தம் கேட்டு வந்ததே சும்மா ஒரு நிறைவுக்காகத்தான். உன் கத்தலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு தாய் செய்ய வேண்டியதைத்தான் நீ செய்தாய். இதை நீ சுமக்காதே. இது முழுக்க என்னுடையது, உனக்குப் பங்கு தர மாட்டேன்.

குழந்தைக்கு வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு கெட்ட பிரதியும் ஒரு நல்ல பிரதியும் வைத்திருக்கிறீர்கள் என்றால்தான் இந்தக் கணக்கு. காரணம் அதுதான் என்று முதலில் உறுதியாக வேண்டும். அடுத்த வாரம் குப்பியை எடுக்கிறேன்.

சாப்பிடு. மேஜைக்கு அடியில் மடங்கி உட்காராதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அக்கா


ஏப்ரல் 17

தங்கைக்கு,

முடிந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி.

இந்தத் தடவை வேறு ஆன்டிபாடி. வாசல் புரதத்தின் ஒரு சிறு பகுதி சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை மட்டும் பிடிப்பது. முதலில் மரபணு வெட்டிய அணுக்களில் விட்டேன். எதுவும் தெரியவில்லை, வெறும் கறுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அடுத்து என் ரத்தத்தில் எடுத்த அணுக்கள், உயிரோடு இருக்கும்போதே. சவ்வில் பச்சை, ஆனால் பழைய படம் மாதிரி அழகான வளையம் இல்லை. மங்கலாக, புள்ளி புள்ளியாக இருந்தது. உண்மையான வாசல்கள் அவ்வளவு குறைவு. பதினோரு வருஷமாக நான் பார்த்த பளிச்சென்ற வளையம் எனக்கு அப்போதே சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

பிறகு அவனுடையது. உறைகலத்திலிருந்து எடுத்து வெதுவெதுப்பான நீரில் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை நிமிஷம். இத்தனை வருஷம் கழித்தும் முக்கால்வாசி அணுக்கள் உயிரோடு எழுந்தன. அதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

சவ்வில் ஒன்றும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு சவ்வில் துளையிட்டு ஆன்டிபாடியை உள்ளே அனுப்பினேன். உள்ளே பச்சை குவிந்து கிடந்தது. அவன் உடம்பு அந்தப் புரதத்தைச் செய்திருக்கிறது. அந்த ஓர் எழுத்து மாறியதால் மடிப்பு சரியாக விழாமல், சவ்வுக்கு வராமல் உள்ளேயே தங்கிவிட்டது. கால்சியமும் அளந்தேன். என் அணுக்களில் கோடு மலை மாதிரி ஏறியது. அவனுடையதில் தரையோடு போனது.

பக்கத்து மேஜைக்காரர் ஒருவரை, எது யாருடையது என்று சொல்லாமல், மறுபடி பார்க்கச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். இனி என் கண்ணை மட்டும் நம்பி எதையும் சொல்வதாக இல்லை.

டாக்டரம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "நானும் அந்தக் கால்சியம் டெஸ்ட்டக் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை அனுப்ப வேண்டும். முடிவு வரும் வரை உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி எதுவும் போடக் கூடாது. பார்க்க வருகிறவர்களைக் கிட்டே விடாதே. குழந்தைக்கு இருந்தால், காய்ச்சல் எதுவும் வருவதற்கு முன்பே மஜ்ஜை மாற்றிவிடலாம். பொட்டலத்துக்கு ஏழு மாதம் போய்விட்டது. இதற்கு ஒரு நாள்கூடப் போகாது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பத்திரிகையில் வந்துவிட்டது. கடைசியில் பேராசிரியரும் கையெழுத்துப் போட்டார். என் ஒப்பந்தம் ஜூன் வரைதான், அதற்கு மேல் நீட்ட மாட்டார்கள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இடம் கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது சோதனைக் குழாய், யோசிக்க வேண்டியதே இல்லை. அது இப்போது எனக்கு நல்லதுதான்.

இரண்டாவது குப்பியை என்ன செய்வது? ஜூனுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அக்கா


மே 5

அக்கா,

இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். அவர் "உள்ளே பச்சை குவிந்து கிடந்தது" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து முகம் கழுவினார். நான் அழவில்லை. அழுகைக்குப் பதிலாக ஒரு களைப்பு வந்தது, பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்த மாதிரி. நாலு வருஷமாக நான் குடித்தது, தின்றது, கழுவாத கை, திறந்து வைத்த ஜன்னல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவெல்லாம் இல்லை, ஓர் எழுத்து. சரி.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. காலையில் இருக்கிறது, மத்தியானம் வேலையில் மறந்துவிடுகிறது. உன்னிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

குப்பியை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடு. இன்னொரு குழந்தைக்குச் சோதனை போடும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தேவைப்படும், இல்லையா? பெயர் வேண்டாம், நோயாளி 2-உம் வேண்டாம். ஒரு தேதி மட்டும் போடச் சொல். அவன் பிறந்த தேதி.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். உன் பெயரை எடுக்காமலே உன்னைத் திட்டுகிறாள், உன் உடம்பையும் விசாரிக்கிறாள்.


ஆகஸ்ட் 2

அக்கா,

ஜூலை 24, பெண். இரண்டே முக்கால் கிலோ. நல்ல சத்தம்.

முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. அவளுக்கும் இருக்கிறது. டாக்டரம்மா போனில் சொல்லாமல் அறைக்கே வந்து சொன்னார். நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலில் ஒன்று என்று நீ எழுதியபோது, மூன்று நம் பக்கம்தானே என்று நினைத்திருந்தேன்.

தடுப்பூசி போடவில்லை. இன்றே தனி அறைக்கு மாற்றுகிறார்கள். இவருடைய மஜ்ஜை பாதி பொருந்துகிறது, அது போதும் என்கிறார்கள். செப்டம்பரில் செய்வார்கள்.

இப்போது வராதே. கோபத்தால் சொல்லவில்லை. யாரும் உள்ளே வரக் கூடாது, அம்மாகூடக் கண்ணாடிக்கு வெளியேதான். கடிதம் எழுது. நீளமாக எழுது. இங்கே நேரம் போகவில்லை.


ஆகஸ்ட் 9

தங்கைக்கு,

நீளமாக எழுது என்றாய். மூன்று தாள் எழுதினேன், எல்லாவற்றிலும் புள்ளிவிவரம்தான் இருந்தது, கிழித்துவிட்டேன்.

புது வேலை இப்படித்தான். காலை ஏழு மணிக்குக் குழாய்கள் வரும். பச்சை மூடி, ஊதா மூடி, சிவப்பு மூடி. என் பக்கத்தில் உட்காருகிற அம்மாள் முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார். ஒவ்வொரு குழாயிலும் ஒட்டிய பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மெஷினில் வைப்பார். "எதுக்கும்மா சத்தமா?" என்று முதல் நாள் கேட்டேன். "அப்பதான் அது ஆளுன்னு ஞாபகம் இருக்கும்" என்றார். இப்போது நானும் படிக்கிறேன். முதல் நாலைந்து நாள் வெட்கமாக இருந்தது.

இவளுக்கு மஜ்ஜை மாற்றினால் நோய் எதிர்ப்பு வந்துவிடும். ஆனால் வேர்வையும் தசையும் அதனால் சரியாகாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். வெயிலில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்க நாளாகும். நடப்பாள்.

உன் முடியைச் சீவிக்கொள். அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி இருக்காது, நீ மறந்துவிடுவாய்.

அக்கா


நவம்பர் 8

அக்கா,

மாற்றி ஏழு வாரம். நடுவில் எழுத முடியவில்லை. பதினோரு நாள் காய்ச்சல், அதில் மூன்று நாள் எதையும் சொல்வதற்கில்லை. அவளுக்கு வாயெல்லாம் புண். நானும் இவரும் மாறி மாறி உட்கார்ந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வாசலில் உடை மாற்றும் அந்த இரண்டு நிமிஷம்தான்.

நேற்று டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார். அவள் ரத்த அணுக்களில் கால்சியம் அளந்திருக்கிறார்கள். நீ எழுதிய மலையை நானே பார்த்தேன். கொஞ்சம் சின்ன மலைதான், ஆனால் ஏறியிருக்கிறது. சவ்வுப் படமும் எடுத்தார்களாம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார்களாம், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாயாமே. "புள்ளி புள்ளியா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். இவர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

இனி ஒரே ஒருவரை உள்ளே அனுமதிப்பார்களாம், எங்களுக்கு மாற்று ஆளாக. அம்மாவுக்கு இருமல். ஆகவே நீ வா. எனக்கு ஒரு பகல் முழுக்கத் தூங்க வேண்டும். வேறு எதையும் இப்போது பேச வேண்டாம், பேசினால் தூக்கம் போய்விடும்.

அனுமதிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். உறவு என்ற கட்டத்தில் பெரியம்மா என்று எழுதியிருக்கிறேன். வியாழன் காலை எட்டு மணிக்கு நர்ஸம்மாவிடம் அதைச் சொன்னால் உடை தருவார். வளையல், மோதிரம் போட்டு வராதே, உள்ளே விட மாட்டார்கள்.